ஆட்டினாலும் அசையாத பின்விளக்கு

முட்டாள்களின் கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லோரும் அடுத்த ஊர் முட்டாள்களைப் பற்றித்தான் சொல்லுகிறார்கள். அது நேர்மையில்லாத வேலை. இந்தக் கதை எங்கள் ஊரான புளியரைக்குளத்தில் நடந்தது. இதில் வரும் முட்டாள்கள் நாங்களே. எங்களுக்குப் பொதுச் செயலாளர் நான்.

எங்கள் அமைப்பின் பெயர் புளியரைக்குளம் வட்டார மிதிவண்டி ஓட்டுவோர் உரிமைக் காப்புச் சங்கம். பெயரை முழுதாக எழுத ஒரு சுவர் போதாது; மூலை திரும்பி அடுத்த சுவரில் முடிப்போம். ஒரு காலத்தில் நாங்கள் ஊர்வலம் போனால் தலை பேருந்து நிலையத்தில் இருக்கும், வால் ரயில்வே கேட்டில் இருக்கும். பிறகு தோழர்கள் ஒவ்வொருவராக மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். வாங்கிய மறுநாளே கொள்கை மாறிற்று. அன்று என் தோளில் கை போட்டுக்கொண்டு கோஷம் போட்டவன் இன்று கண்ணாடி ஏற்றிய காரில் என்னைக் கடந்து போகிறான். அவன் ஹாரன் அடிப்பதில்கூட ஒரு தோழமை இல்லை.

மிஞ்சியவர்கள் நாலு பேர். தலைவர் துரைக்கண்ணு, பொருளாளர் அந்தோணிச்சாமி, உறுப்பினர் மாசிலாமணி, நான். மாசிலாமணி ஒருவர்தான் உறுப்பினர்; மற்றவர்கள் எல்லோரும் நிர்வாகிகள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சைக்கிள் இருந்தது. அதை ஓட்டியவர் மாசிலாமணி. ஆனால் அது அவருடையது அல்ல. அவர் மனைவி பவுனம்மாளுக்குப் பிறந்த வீட்டில் அப்பா சீராகக் கொடுத்தது.

சங்கத்தில் ஒரு சைக்கிளாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சங்கம் கலைந்ததாகக் கருதப்படும் என்று எங்கள் விதிகளில் உண்டு. அந்த விதியை எழுதியவனும் நானே. எழுதிய காலத்தில் ஊரில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை.

மாசிலாமணிக்கு நூற்பாலையில் மாலை ஷிப்ட். பொழுது சாய்கிற நேரத்தில் பெரிய ரோட்டில் போக வேண்டும். ஒரு நாள் பின்னால் வந்த லாரிக்காரர் இருட்டில் அவரைக் கவனிக்கவில்லை. லாரி மட்கார்டை லேசாக உரசிவிட்டுப் போயிற்று. மாசிலாமணி இடப்பக்க ஓடைக்குள் விழுந்தார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. தூக்குச்சட்டியிலிருந்த புளிச்சோறு தவளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் பவுனம்மாள் சங்க அலுவலகத்துக்கு வந்தார். சங்க அலுவலகம் என்பது அந்தோணிச்சாமியின் மூடிப்போன தையல்கடை. நாங்கள் கண்டனத் துண்டறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தோம். "லாரியே, உன் திமிரை அடக்கு" என்பது தலைப்பு.

"செயலாளர் அண்ணாச்சி, எழுதுறதை நிப்பாட்டிட்டு நான் சொல்றதைக் கேளுங்க" என்றார் பவுனம்மாள். "சைக்கிளுக்குப் பின்னாடி ஒரு லைட்டு கிடையாது. இருட்டுக்குள்ள இவரு போறது இவருக்கே தெரியாது. லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

"தோழி, இது தனி ஒரு லாரியின் பிரச்சினை அல்ல. லாரி முதலாளிகள் என்கிற வர்க்கம்..."

"எனக்குத் தாலி கட்டுனது லாரி முதலாளி இல்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னிக்குச் சாயங்காலம் நானே பின்னாடி நின்னு பாக்கும்போது சிவப்பு வெளிச்சம் பளிச்சுன்னு தெரியணும். தொட்டா ஆடக் கூடாது, நாலு நாள்ல கழண்டு விழவும் கூடாது. இல்லைன்னா சைக்கிளை எங்க அப்பா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவேன். எனக்குப் புருஷன் முழுசா வேணும்."

அவர் போன பிறகு மாசிலாமணி முழங்கையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "சைக்கிள் போச்சுன்னா என் வேலையும் போச்சு. சங்கு ஊதுன பெறகு போனா ஆலையில கேட்டைச் சாத்திருவான்."

"உம்ம வேலை கிடக்கட்டும்வே. சங்கமே போயிரும். அதை யோசியும்" என்றார் துரைக்கண்ணு.

இந்த அளவுக்கு ஆபத்து சூழ்ந்ததும் எனக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. நான் சிறைக்குப் போயிருக்கிறேன். தடியடி பட்டிருக்கிறேன். ஒரு பின்விளக்கா எனக்குப் பெரிது? உடனே பின்விளக்குத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. நாலு பேரும் அதில் இருந்தோம்.

மைதீன் பாய் சைக்கிள் கடைக்குப் போனோம். பாய் நல்ல மனிதர். நாங்கள் கூட்டமாக வருவதைக் கண்டதும் வழக்கம் போலக் கடையைப் பாதி சாத்தினார். வந்த காரியத்தைச் சொன்னதும் மீண்டும் திறந்து, நாலு வகை விளக்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது டைனமோ லைட்டு. சக்கரம் சுத்தினா எரியும். இது ரிப்ளெக்டர், பேட்டரியே வேண்டாம், பின்னாடி வாற வண்டி வெளிச்சம் பட்டா மின்னும். இது பேட்டரியில விட்டு விட்டு எரியிறது. இது நின்னு எரியிறது. எல்லாமே நல்லதுதான். பின்னாடி வாறவன் கண்ணுல எது படுதுன்னு பாத்து எடுங்க அண்ணாச்சி."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாய் ஒரு சாதாரணக் கடைக்காரர். ஆனால் எவ்வளவு பெரிய ஜனநாயகக் கோட்பாட்டைப் போகிற போக்கில் சொல்லிவிட்டார்! பின்விளக்கு யாருக்காக? பின்னால் வருகிறவனுக்காக. அப்படியானால் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு? பின்னால் வருகிறவனுக்கு. அவன் கருத்தைக் கேட்காமல் அவன்மீது ஒரு விளக்கைத் திணிப்பது சர்வாதிகாரம்.

நாலு விளக்குகளையும் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று வாங்கினோம். சைக்கிள் கேரியரில் வரிசையாகச் சணல் போட்டுக் கட்டினோம். பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோய் நடுவில் நிறுத்தினோம். இருட்டில் லாரிக்காரனுக்குத் தெரியாது என்று பவுனம்மாள் சொல்லியிருந்தபடியால், பாதுகாப்புக் கருதி நண்பகலைத் தேர்ந்தெடுத்தோம்.

முதலில் கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்தது. நான் கையைத் தூக்கி நிறுத்தினேன்.

"தோழரே, இந்த நாலில் எந்த விளக்கு உம் கண்ணில் படுகிறது? பயமில்லாமல் சொல்லும்."

டிராக்டர்காரர் உச்சி வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எது எரியுதுவே?"

"இரண்டு எரிகிறது."

"எது ரெண்டு?"

அதை நாங்கள் சொன்னால் வாக்காளரைத் தூண்டியதாகிவிடும்.  அதற்குள் பின்னால் டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி வந்தார்.

"என்னய்யா, சாலை மறியலா?"

"இல்லை, வாக்கெடுப்பு."

"வேய், இந்த வெயில்ல சூரியனைத் தவிர ஒண்ணும் கண்ணுல படலை. வழியை விடும்."

சூரியனுக்கு ஒரு வாக்கு என்று பதிந்துகொண்டோம். பஸ்ஸில் இருந்தவர்களிடமும் கேட்கத்தான் போனோம். அவர்கள் எங்களைப் பற்றிச் சொன்ன கருத்துகள் விளக்குகளைப் பற்றியவை அல்ல.

மக்கள் இன்னும் தயாராகவில்லை என்ற முடிவோடு அலுவலகம் திரும்பினோம். இந்த முடிவுக்கு நான் வருவது இது முதல் தடவை அல்ல. இனி விளக்குகளைக் கொள்கை அடிப்படையில் பரிசீலிப்பது என்று தீர்மானித்தோம்.

"டைனமோவை எடுத்துக்கிடுங்க" என்று தொடங்கினார் துரைக்கண்ணு. "மாசிலாமணி மிதிச்சாத்தான் அது எரியும். அவரு வேர்க்க விறுவிறுக்க உழைக்கணும், அது சொகுசா வெளிச்சம் போடணும். இதுக்குப் பேரு என்ன?"

"சுரண்டல்" என்றோம் எல்லோரும். டைனமோ தள்ளுபடியானது.

"ரிப்ளெக்டர்?"

"அதுக்குன்னு சொந்த வெளிச்சம் கிடையாது. லாரிக்காரன் போடுற வெளிச்சத்தை வாங்கி மினுக்கும்" என்றார் அந்தோணிச்சாமி. "முதலாளி கையை எதிர்பார்த்துப் பிழைக்கிறது." அதுவும் போயிற்று.

விட்டு விட்டு எரிகிற விளக்கை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் எரிந்தது. ஒரு கணம் அணைந்தது. மறுபடி எரிந்தது. எனக்கு எங்கள் பழைய துணைச் செயலாளரின் ஞாபகம் வந்தது. தேர்தலுக்குத் தேர்தல் அவரும் இப்படித்தான். "ஊசலாட்டம்" என்று சொல்லி அதைக் கவிழ்த்து வைத்தேன்.

நாலாவது விளக்கு அசையாமல், கண் கொட்டாமல், சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எங்களுக்கு நெஞ்சு விம்மியது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு கொள்கைப் பிடிப்புள்ள ஒன்றைப் பார்க்கிறோம்! ஏகமனதாக அதைத் தேர்ந்தெடுத்தோம். மற்ற மூன்றையும் பாயிடம் திருப்பிக் கொடுத்து, அவை நிராகரிக்கப்பட்ட காரணங்களையும் விளக்கினோம். பாய் கேட்டுக்கொண்டு, தலைவலித் தைலம் தேய்த்துக்கொண்டார்.

"குடுங்க, நானே மாட்டித் தாரேன்" என்று ஸ்பேனரை எடுத்தார்.

"வேண்டாம். தொழிலாளியின் வண்டியில் தொழிலாளியே மாட்டுவான்" என்றேன். சொல்லும்போது கம்பீரமாக இருந்தது.

மாட்டுவதற்கு முன் துரைக்கண்ணு ஒரு அடிப்படைக் கேள்வியை எழுப்பினார். தலைவராக இருப்பவருக்கு இந்த மாதிரிக் கேள்விகள்தான் வரும்.

"வே செயலாளரே, நம்ம கொடி என்ன நிறம்?"

"சிவப்பு."

"ஊர்வலத்துல கொடி எங்க போகும்?"

"முன்னால்."

"என்னிக்காவது பின்னால போயிருக்கா?"

"போனதில்லை. போகவும் விடமாட்டோம்."

"அப்படின்னா இந்தச் சிவப்பைக் கொண்டுபோய் எங்க மாட்டச் சொல்றீரு?"

 மாசிலாமணி மட்டும் மெதுவாகச் சொன்னார்: "இது பின்விளக்கு இல்லா? எங்க வீட்டுல பின்னாடி வேணும்னாளே?"

"உம்ம வீட்டுக்கும் கொள்கைக்கும் முடிச்சுப் போடாதேயும். சிவப்பு முன்னால போனா உலகமே பின்னால வரும்" என்றார் துரைக்கண்ணு. அது எங்கள் பழைய துண்டறிக்கையில் இருந்த வாசகம். எழுதியவன் நான். எதிர்த்துப் பேச முடியவில்லை.

விளக்கை ஹாண்டில்பாரில் மாட்டினோம். அன்று மாலை மாசிலாமணி ஆலைக்குப் புறப்பட்டார். எதிரே டவுன் பஸ் வந்தது. பஸ் டிரைவர் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து, தனக்கு முன்னால் ஒரு சைக்கிள் போகிறது என்று நினைத்து, அது ஒதுங்குவதற்காக ஹாரன் அடித்தார். அது தூரமாகப் போகாமல் கிட்டக் கிட்ட வந்தது. வேகத்தைக் குறைத்தார். அப்போதும் கிட்ட வந்தது. "இருபது வருஷமா பஸ் ஓட்டுறேன். பின்பக்கமாவே சைக்கிள் ஓட்டிட்டு வாறவனை இன்னிக்குத்தான் பாத்தேன்" என்று அவர் பிறகு டீக்கடையில் சொன்னாராம். மாசிலாமணி பதறி ஒதுங்கியதில் இந்தத் தடவை வலப்பக்க ஓடைக்குள் விழுந்தார்.

போன தடவை இடப்பக்கம், இந்தத் தடவை வலப்பக்கம். நிலைமையில் மாற்றம் ஏற்பட்டிருப்பதைக் கூட்டத்தில் சுட்டிக்காட்டினேன். மாசிலாமணி மட்டும் அதை மனப்பூர்வமாக வரவேற்கவில்லை. அடுத்த முழங்கையையும் தடவிக்கொண்டு, "நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றார். சாதாரணமாகப் பேசாத மனிதர்.  "அவ சொன்னா செய்வா. சைக்கிளை எடுத்துட்டுப் போயிருவா. என்னை ஆலையில சேத்துக்க மாட்டான். நான் என்ன செய்வேன்?"

 கொள்கையைத் தற்காலிகமாகப் பின்னுக்கு நகர்த்துவது என்று முடிவு செய்து, மறுநாள் காலை பாயிடம் போனோம். யோசனை கேட்கவில்லை, கலந்தாலோசித்தோம்.

"சீட்டுக்குக் கீழே மாட்டுங்க. பழைய டியூப் துண்டு தாரேன், அதைக் கம்பியில சுத்தி, மேல கிளாம்பைப் போட்டு இறுக்குங்க, வழுக்காது. நல்லா இறுக்கிட்டு ஆட்டிப் பாருங்க. ஆட்டினா அசையக் கூடாது" என்றார் பாய். மறுபடியும் ஸ்பேனரை நீட்டி, "நான் வேணும்னா..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சீட்டுக்குக் கீழே மாட்டினோம். அந்தோணிச்சாமி தையல்காரர் என்பதால் நூலில் ஒரு பித்தானைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, சரியாகச் சீட்டுக்குக் கீழே, தரையைப் பார்த்தபடி மாட்டினார். தரையில் ஒரு எறும்பு வரிசை பிரமாதமாகத் தெரிந்தது. நாங்கள் அதை ரசித்துக்கொண்டிருந்தபோது மாசிலாமணிதான், "எறும்பு என்மேல மோதாதுங்களே" என்றார். அதில் நியாயம் இருந்தது. விளக்கைப் பின்பக்கம் பார்க்கும்படி திருப்பி, டியூப் துண்டைச் சுற்றி, கிளாம்பை முறுக்கி இறுக்கினோம். இப்போது அது நேராகப் பின்னால் எரிந்தது. இவ்வளவு சரியாக நாங்கள் எதையும் செய்ததில்லை. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்.

"ஆட்டிப் பாக்கணும்னு பாய் சொன்னாரு" என்றார் அந்தோணிச்சாமி.

விளக்கைப் பிடித்து ஆட்டினார். விளக்கு அசைந்தது.

இன்னும் இறுக்கினோம். மறுபடி ஆட்டினார். அசைந்தது.

துரைக்கண்ணு குனிந்து கூர்ந்து பார்த்தார். "லைட்டு தானா அசையலைவே. சைக்கிள் அசையுது. அதோட சேந்து லைட்டும் அசையுது."

"அப்படியானால் குற்றவாளி சைக்கிள்தான்" என்றேன்.

"சைக்கிளை அசையாம நிறுத்தினா?"

"விளக்கும் அசையாது."

இது தர்க்கரீதியான முடிவு. இதை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியவில்லை. அலுவலகத்துக்கு முன்னால் ஒரு மின்கம்பம் இருக்கிறது. பழைய மறியலில் எங்களை நாங்களே கேட்டோடு பிணைத்துக்கொண்ட இரும்புச் சங்கிலி பரணில் இருந்தது. அதை இறக்கி, முன்சக்கரம், பின்சக்கரம், பார் எல்லாவற்றையும் மின்கம்பத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டிப் பூட்டுப் போட்டோம். சாவி பொருளாளர் பொறுப்பில். இப்போது அந்தோணிச்சாமி ஆட்டினார். நான் ஆட்டினேன். துரைக்கண்ணு இரண்டு கையாலும் பிடித்து, கம்பத்தில் காலை ஊன்றி ஆட்டினார். அசையவில்லை. மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பவுனம்மாள் வந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மாசிலாமணி ஆலைக்குப் புறப்படும் நேரம். தூக்குச்சட்டியோடு சைக்கிளுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். நாங்கள் மூவரும் சுவர் ஓரமாக வரிசையில் நின்றோம். தடியடிக்கு முன்னால்கூட என் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

பவுனம்மாள் தள்ளிப் போய்ப் பின்னால் நின்று பார்த்தார். இன்னும் தள்ளிப் போய்ப் பார்த்தார்.

"தெரியுது" என்றார்.

கிட்ட வந்து விளக்கைப் பிடித்து ஆட்டினார்.

"அசையலை" என்றார். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட எட்டிப்பார்த்தது. "பரவாயில்லையே அண்ணாச்சி. இந்தச் சங்கத்துக்கும் ஒரு காரியம் தெரிஞ்சிருக்கே."

எங்கள் கோரிக்கையை எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டது என் பொதுவாழ்க்கையில் இதுவே முதல் முறை. 

"சரி, ஏறி ஓட்டுங்க. நேரமாச்சு" என்றார் புருஷனிடம்.

மாசிலாமணி தூக்குச்சட்டியை மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பெடலை மிதித்தார். பெடல் நகரவில்லை. பல்லைக் கடித்து மிதித்தார். மின்கம்பி லேசாக ஆடிற்று.

"என்ன ஆச்சு?"

"பூட்டியிருக்கு" என்றார் மாசிலாமணி.

பவுனம்மாள் அப்போதுதான் குனிந்து சங்கிலியைப் பார்த்தார். சங்கிலி போன வழியெல்லாம் கண்ணால் பின்தொடர்ந்து, மின்கம்பத்தைச் சுற்றிவிட்டு, எங்களிடம் வந்து நின்றார்.

"இதை எதுக்குக் கட்டுனீங்க?"

"அவிழ்த்தால் அசையும், தோழி" என்றேன்.

"அப்போ இவரு ஆலைக்கு எப்படிப் போவாரு?"

"அது தனிப் பிரச்சினைம்மா" என்றார் துரைக்கண்ணு. "அதுக்குத் தனியாக் கூட்டம் போடணும். நீ கேட்டது லைட்டு. லைட்டு எரியுது. லாரி இடிக்கக் கூடாதுன்னே. இவரு இந்த இடத்தை விட்டு நகராத வரைக்கும் எந்த லாரி வந்து இடிக்கும்?"

 பவுனம்மாள் கையை நீட்டினார்.

"சாவி."

"தீர்மானம் இல்லாமச் சாவியைக் குடுக்க விதியில்லையே தாயி" என்றார் அந்தோணிச்சாமி.

"போடுங்க தீர்மானத்தை."

அந்தக் குரலைக் கேட்டபின் தாமதிக்கவில்லை. அந்த இடத்திலேயே அவசரக் கூட்டம் கூடினோம். நான் முன்மொழிந்தேன். மாசிலாமணி சைக்கிளில் உட்கார்ந்தபடியே வழிமொழிந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சாவி கைமாறியது.

பவுனம்மாள் பூட்டைத் திறந்து, சங்கிலியைக் கழற்றி அந்தோணிச்சாமியின் தோளில் மாலை மாதிரிப் போட்டார். புருஷனை இறங்கச் சொன்னார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாரைத் தாண்டிக் காலைப் போட்டு ஏறி உட்கார்ந்து, ஒரு மிதி மிதித்து அப்பா வீட்டுப் பக்கமாகப் பறந்தார். சைக்கிளைக் கொடுத்த அப்பா ஓட்டவும் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்ற தகவல் அதுவரை சங்கத்தின் கவனத்துக்கு வரவில்லை.

நாங்கள் ரோட்டுக்கு ஓடிவந்து நின்றோம். சங்கத்தின் ஒரே சைக்கிள், எங்கள் கடைசி உடைமை, கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. 

திடீரென்று துரைக்கண்ணு என் தோளைப் பிடித்து உலுக்கினார். "வே! தெரியுதுவே!"

ஆமாம். இருட்டிக்கொண்டு வந்த ரோட்டில் சிவப்பு விளக்கு பளிச்சென்று தெரிந்தது. கோயில் வளைவில் தெரிந்தது. பெட்ரோல் பங்க்கைத் தாண்டியும் தெரிந்தது. பின்னால் போன ஒரு லாரி வேகத்தைக் குறைத்து, மரியாதையாக ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போயிற்று.

"லாரி ஒதுங்குதுடோய்!" என்று கத்தினார் அந்தோணிச்சாமி, சங்கிலி குலுங்க.

"அசையவும் இல்லை" என்றேன் நான். என் கண் கலங்கிவிட்டது. கை தானாக மேலே போயிற்று. "வெற்றி! வெற்றி!"

"பின்விளக்கு வெற்றி!" என்றார்கள் மற்றவர்கள். எங்களில் உரக்கக் கத்தியவர் மாசிலாமணி. நரம்பு புடைக்கக் கத்தினார். மூன்றாவது கோஷத்தின் நடுவில்தான் நிறுத்தி, கையைக் கீழே போட்டு, என்னைப் பார்த்தார்.

"செயலாளரே, என் தூக்குச்சட்டியும் அதுலதான் போகுது. ஆலையில சங்கு ஊதப் போறான். நான் இப்போ எப்படிப் போக?"

நான் துரைக்கண்ணுவைப் பார்த்தேன். துரைக்கண்ணு தலைவர் அல்லவா? ஒரு கணமும் தயங்கவில்லை.

"இதுல யோசிக்க என்னவே இருக்கு? லைட்டுதான் இவ்வளவு தெளிவாத் தெரியுதே. அதைப் பாத்து, பின்னாலேயே நடையைக் கட்டும்."

மாசிலாமணியின் முகம் தெளிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தூரத்துச் சிவப்புப் புள்ளியைக் குறிவைத்து ஓட்டமும் நடையுமாகப் போனார். ஒரு தோழரைத் தனியே விடுவது மரபல்ல. நாங்களும் வரிசையாக, கோஷம் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனோம்.

ஆலை எதிர்த்திசையில் இருக்கிறது.